நெற்றித் திலகமும் தலைத் துணியும்
கல்விக்கூடத்தில் சமயப் பன்மை குறித்து ஒரு சிந்தனை

2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள். மும்பையின் செம்பூர்ப் பகுதியில் உள்ள ஒரு கல்லூரி விதித்த உடைக் கட்டுப்பாடு பற்றிய வழக்கை உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் விசாரித்துக்கொண்டிருந்தனர். மாணவர் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர் என்பது வெளியே தெரியக் கூடாது என்பதே கட்டுப்பாட்டின் நோக்கம் என்று கல்லூரியின் தரப்பில் கூறப்பட்டது. நீதிபதிகள் அதற்கு மறுமொழியாகச் சில எளிய வினாக்களை எழுப்பினர். அவ்வாறாயின் நெற்றியில் திலகம் இட்டு வரும் மாணவரையும் தடுப்பீர்களா? மாணவரின் பெயரே அவருடைய சமயத்தைச் சொல்லிவிடுமே. இனி அவர்களை எண்களைக் கொண்டு அழைக்கப் போகிறீர்களா?

வழக்கு, தலைத் துணி அணியும் இஸ்லாமிய மாணவியரைப் பற்றியது. வினாவோ, திருநீறும் திருமண்ணும் குங்குமமும் ருத்ராட்சமும் அணியும் ஒவ்வோர் இல்லத்தின் வாசலிலும் வந்து நிற்பது. அயலாரின் வழிபாட்டு அடையாளத்துக்கு ஒரு நியாயமும் தம் அடையாளத்துக்கு வேறொரு நியாயமும் இருக்க முடியுமா என்பதே அவ்வினாவின் உட்பொருள். ஆன்மிக நாட்டமுடையோர் இதனை அமைதியாகவும் நடுநிலையோடும் ஆராய்வது இன்றியமையாதது.

வழக்கின் வரலாறு

செம்பூரின் என்.ஜி. ஆச்சார்யா – டி.கே. மராத்தே கல்லூரி, 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கும் கல்வியாண்டுக்கென ஓர் உடை விதியை அறிவித்தது. உடை கண்ணியமாக இருக்க வேண்டும். சமயத்தை வெளிப்படுத்தும் புர்கா, நகாப், ஹிஜாப், தொப்பி, பேட்ஜ் முதலியவை கூடாது என்பது அதன் சாரம். அறிவியல் பயிலும் ஒன்பது மாணவியர் இதனை எதிர்த்துப் பம்பாய் உயர் நீதிமன்றத்தை அணுகினர். அவ்விதி எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவானது, மாணவர் படிப்பில் கவனம் செலுத்துவதற்காக வகுக்கப்பட்டது என்று கருதிய உயர் நீதிமன்றம், ஜூன் 26-ஆம் நாள் அவர்கள் மனுவைத் தள்ளுபடி செய்தது.

மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, சஞ்சய் குமார் ஆகியோர் ஆகஸ்ட் 9-ஆம் நாள் இடைக்கால ஆணை ஒன்றைப் பிறப்பித்தனர். ஹிஜாப், தொப்பி, பேட்ஜ் ஆகியவற்றுக்கான தடை நிறுத்திவைக்கப்பட்டது. வகுப்பறைக்குள் புர்கா அணிவதற்கு அனுமதி அளிக்கப்படவில்லை. வளாகத்தில் சமயச் செயற்பாடுகள் நடத்துவதற்கும் இடமில்லை என்று கூறப்பட்டது. இந்த ஆணையை எவரும் தவறாகப் பயன்படுத்தலாகாது என்ற எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டது.

இதற்கு முன்னரே கர்நாடக மாநிலம் உடுப்பியில் தொடங்கிய இத்தகைய சர்ச்சையில், 2022-ஆம் ஆண்டு மார்ச் 15 அன்று அம்மாநில உயர் நீதிமன்றம் அரசின் தடையை ஏற்றது. அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஒருவருக்கொருவர் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். சட்டம் கற்ற சான்றோரே இருவேறு முடிவுக்கு வருகின்றனர் என்றால், இருபுறத்திலும் எண்ணிப் பார்க்க வேண்டிய நியாயம் உண்டு என்பது தெளிவு.

மறைத்தலா, மதித்தலா?

சமத்துவத்தை இரு வழிகளில் எண்ணலாம். முதலாவது, வேற்றுமைகளை வாயிலிலேயே இறக்கிவைத்துவிட்டு அனைவரும் ஒரே தோற்றத்துடன் உள்ளே வருவது. இவ்வழிக்கும் ஒரு நல்லெண்ணம் உண்டு. ஏழை, செல்வர் என்ற வேறுபாடு உடையில் தெரியக் கூடாது என்பது பள்ளிச் சீருடைக்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. சமய வேறுபாட்டையும் அவ்வாறே கண்ணுக்குப் படாமல் வைத்தால் பூசல் எழாது என்று சிலர் எண்ணுகின்றனர்.

இரண்டாவது வழி, அவரவர் தம் வழிபாட்டு நெறியோடு வந்து ஒரே பலகையில் அமர்ந்து, ஒருவரை ஒருவர் மதிக்கக் கற்பது. இது கடினமான வழி. ஆயினும் கல்வி என்ற சொல்லுக்கு நெருக்கமானது இதுவே. அறியாததைக் கண்டு அஞ்சாதிருக்கப் பழக்குவதே கல்வியின் பயன். வேறுபட்ட ஒருவரைக் காணாமலேயே மூன்றாண்டுகள் பயின்று வெளியேறும் இளைஞர், அலுவலகத்திலும் அண்டை வீட்டிலும் அத்தகையவரை முதன்முதலாகச் சந்திக்கும்போது எந்தப் பயிற்சியைக் கொண்டு பழகுவார்?

மேலும், தலைத் துணி வறுமையைப் போல நீக்கப்பட வேண்டிய குறை அன்று. அதனை விரும்பி அணிபவருக்கு அது ஒரு விரதம். விரதத்தின் அருமையை விரதம் காப்பவரே நன்கு அறிவர். சபரிமலைக்கு மாலையிட்ட மாணவர் நாற்பத்தொரு நாள் கறுப்பு உடையுடன் வகுப்புக்குச் செல்கிறார். அந்நாட்களில் அம்மாலையைக் கழற்றிவிட்டு உள்ளே வா என்று ஒருவர் சொன்னால் அவர் உள்ளம் என்ன பாடுபடும்? அதே நோவுதான் மற்றவர்க்கும். விரும்பாத ஒரு பெண்ணின்மீது குடும்பமோ சமூகமோ அவ்வுடையைத் திணிப்பதும் உண்டு, அது தவறே. எனினும் அத்தகைய பெண்ணுக்கு விடுதலை தரவல்லது படிப்பு. வாயிலில் அவளைத் திருப்பியனுப்பினால், துணி தலையிலேயே இருக்கும். இழப்பது படிப்பை மட்டுமே.

1985-ஆம் ஆண்டு கேரளத்தில் நிகழ்ந்ததும் இங்கு நினைக்கத்தக்கது. யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், பள்ளியில் நாட்டுப்பண் பாடப்படும்போது மரியாதையோடு எழுந்து நிற்பர். ஆனால் தம் நம்பிக்கை காரணமாக வாய்திறந்து பாடமாட்டார்கள். அதற்காக அவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்க்க ஆணையிட்டது. பாரதத்தின் மரபும் தத்துவமும் அரசியலமைப்பும் சகிப்புத்தன்மையையே கற்பிக்கின்றன. அதனை நீர்த்துப்போக விடலாகாது என்ற கருத்துடன் நீதிபதி சின்னப்ப ரெட்டி அத்தீர்ப்பை முடித்தார். பெரும்பான்மையோருக்கு விளங்காத நம்பிக்கையும் உண்மையானதாக இருந்தால் மதிக்கத்தக்கதே என்பது அதன் படிப்பினை.

மும்பை கட்டிய கல்விக் கோயில்கள்

இப்பிரச்சினை மும்பையில் எழுந்தது வியப்புக்குரியது. ஏனெனில் அந்நகரின் உயர்கல்வி, பல சமயத்தவரின் கொடையால் எழுந்தது. 1857-இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு மண்டபத்துக்கு நிதியளித்தவர் பார்சி வணிகரான கோவாஸ்ஜி ஜஹாங்கீர். நூலகத்துக்கும் 1878-இல் முற்றுப்பெற்ற மணிக்கூண்டுக்கும் பொருள் தந்தவர் சமண சமயத்தவரான பிரேம்சந்த் ராய்சந்த். மணிக்கூண்டு அவருடைய அன்னை ராஜாபாயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கதிரவன் மறைவதற்கு முன் உணவு உட்கொள்ளும் நியமத்தைக் காத்த, பார்வையிழந்த அன்னைக்கு அந்த மணியோசை நேரத்தை அறிவித்தது என்று மரபாகச் சொல்வதுண்டு. பல்கலைக்கழகத்தின் மணி ஒரு மூதாட்டியின் விரதத்துக்குத் துணைசெய்தது என்ற அக்கதையில் ஓர் அழகிய உண்மை உறைகிறது.

மாட்டுங்காவுக்கு வந்தால் இது மேலும் விளங்கும். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றியது. சீக்கியப் பெருமக்கள் நிறுவிய குரு நானக் கால்சா கல்லூரியும், புணேயின் சிக்ஷண பிரசாரக மண்டளியின் ருயா கல்லூரியும் 1937-இல் பிறந்தன. சலேசிய கிறிஸ்தவத் துறவியரின் டான் பாஸ்கோ பள்ளியும் அருகிலேயே உள்ளது. நடந்து செல்லும் தொலைவுக்குள் தமிழரும் சீக்கியரும் மராட்டியரும் கிறிஸ்தவரும் எழுப்பிய கல்விக்கூடங்கள்! ஒவ்வொன்றும் ஒரு சமூகத்தின் பெயரில் தொடங்கியது. எதுவும் தன் கதவை மற்றவர்க்குச் சாத்தவில்லை. சீக்கியர் கிருபாண் அணிவது அவர்தம் சமய உரிமையின் பகுதி என்று அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவே விளக்கம் தருகிறது. தலைப்பாகை அணிந்த பேராசிரியரிடம் கணிதம் கற்ற மாணவர், தலைப்பாகையினால் கணிதத்தில் குறைவுபட்டதில்லை.

செம்பூரை அடுத்த தேவனாரில் அமைந்துள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் இத்தகையதே. 1936-இல் பார்சிக் குடும்பத்தின் அறக்கட்டளை நிதியால் அது தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் அமெரிக்காவிலிருந்து வந்த கிறிஸ்தவச் சமூகத் தொண்டர் கிளிஃபோர்டு மான்ஷார்ட். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர், காந்தியப் பொருளியலறிஞர் ஜே.சி. குமரப்பாவின் சகோதரரான ஜே.எம். குமரப்பா. பாரதத்தின் துயருற்ற மக்களுக்குத் தொண்டு செய்வது எப்படி என்பதை முறையாகக் கற்பிக்க, இத்தனை மரபுகளின் மனிதர்கள் ஒன்றுகூடினர்.

மும்பைத் தமிழருக்கு மற்றொரு நினைவும் உண்டு. 1966-ஐ அடுத்த ஆண்டுகளில் தென்னிந்தியருக்கு எதிரான கிளர்ச்சி அந்நகரில் மூண்டபோது, அவர்கள் உடுத்திய லுங்கியே ஏளன முழக்கத்தின் பொருளாயிற்று. உடையைக் கொண்டு ஒருவரை அயலாராக ஒதுக்குவது எத்தனை நோவு தரும் என்பதை மாட்டுங்கா, தாராவி, செம்பூர்த் தமிழ்க் குடும்பங்களின் மூத்தோர் புத்தகத்தில் படித்து அறிந்தவரல்லர், பட்டு அறிந்தவர்கள்.

பழந்தமிழ்ப் பட்டிமண்டபம்

வேறுபட்ட சமயத்தார் ஓரிடத்தில் கூடிக் கற்பது தமிழ் மண்ணுக்குப் புதியது அன்று. மணிமேகலைக் காப்பியத்தில் இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன், தத்தம் சமய உண்மையை எடுத்துரைப்போர் பட்டிமண்டபம் ஏறுமாறு அழைக்கிறான். அதனோடு, பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுமாறும் வேண்டுகிறான். அதே காப்பியத்தின் தலைவி, வஞ்சி நகரில் பல சமயவாதிகளிடம் சென்று அவரவர் கொள்கையைப் பொறுமையாகக் கேட்ட பின்னரே தன் நெறியைத் தேர்கிறாள். கேட்ட பின் ஏற்காதிருக்க உரிமை உண்டு. கேளாமலே வெறுக்க உரிமை இல்லை என்பது அங்கே நடைமுறையாகவே காட்டப்பட்டுள்ளது.

மாமன்னர் அசோகரின் 12-ஆம் பாறைக் கட்டளை இதனையே அரச நெறியாக்குகிறது. தன் சமயத்தை உயர்த்துவதற்காகப் பிறர் சமயத்தை இழித்துரைப்பவன் உண்மையில் தன் சமயத்துக்கே கேடு விளைவிக்கிறான் என்பதும், நாவடக்கமே இதற்கு வேர் என்பதும் அதன் கருத்து. அம்மன்னரின் பாறைக் கட்டளைத் தொகுதியைச் சேர்ந்த துண்டுகள் மும்பைக்கு வடக்கே உள்ள சோபாராவிலும் கிடைத்துள்ளன. ஏறத்தாழ 2,250 ஆண்டுகளுக்கு முன் அக்கடற்கரையிலும் அவர் குரல் ஒலித்தது.

சுவாமி விவேகானந்தர் 1893-ஆம் ஆண்டு செப்டம்பர் 27 அன்று சிகாகோ சர்வசமய மாநாட்டின் நிறைவில் ஆற்றிய உரையும் இங்கே ஒளி தருவது. ஒரு சமயத்தவர் மற்றொரு சமயத்துக்கு மாறிவிடுவதில் ஒற்றுமை பிறக்கும் என்று அவர் கூறவில்லை. ஒவ்வொருவரும் மற்றவரின் நற்சாரத்தை ஏற்றுக்கொண்டு, தன் தனித்தன்மையையும் காத்து, தன் இயல்பின்படியே வளர வேண்டும் என்றார். இந்து இல்லங்களில் இது அன்றாட நிகழ்ச்சி அன்றோ! தந்தைக்கு முருகன், தாய்க்கு அம்மன், பாட்டிக்கு இராமன் என இஷ்ட தெய்வம் வேறுபடினும் அடுப்பு ஒன்றே, அன்பு ஒன்றே. அந்தப் பயிற்சியை வீட்டு வாசலுக்கு வெளியே ஓர் அடி எடுத்துச் செல்வதே இன்றைய தேவை.

உணவு மேசையில் ஒரு சோதனை

பிறரின் உரிமையைப் பேசுவது எளிது; தம் பழக்கம் சோதனைக்கு உள்ளாகும்போதே மனத்தின் உண்மை நிலை புலப்படும். 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மும்பை பவாயில் உள்ள ஐ.ஐ.டி. விடுதியின் உணவகத்தில், சைவ உணவு உண்போர் மட்டுமே இங்கு அமரலாம் என்ற பொருள்படும் அறிவிப்புகள் காணப்பட்டன. செப்டம்பரில் விடுதி உணவுக் குழு ஆறு மேசைகளைச் சைவ உணவினருக்கு மட்டும் என ஒதுக்கியது. அதனை எதிர்த்து நடந்த செயலுக்காக 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. நாடெங்கும் இது விவாதமாயிற்று.

புலால் மறுத்தல் மேலான அறம். அதனைப் பிறந்தது முதல் கைக்கொள்பவருக்குப் புலால் மணம் உண்மையாகவே துன்பம் தரும். சமையற் பாத்திரமும் கரண்டியும் பரிமாறும் இடமும் தனித்தனியே இருக்கட்டும் என்று கேட்பது நியாயமே. அதனை மறுப்பதும் ஒரு விரதத்தை அவமதிப்பதாகும். ஆனால் மேசையே பிரிக்கப்படும்போது, பிரிவது உணவு மட்டும் அன்று. உண்ணும் மனிதனும் பிரிக்கப்படுகிறான். உடன் அமர்ந்து உண்ணக் கூடாது என்ற சொல், தீண்டாமையின் கொடுமையைப் பல தலைமுறையாகத் தாங்கிய குடும்பத்திலிருந்து முதன்முதலாக உயர்கல்விக்கு வந்த மாணவனின் செவியில் வேறுவிதமாக ஒலிக்கும். எதிர்ப்பைக் காட்டுவதற்காக மற்றவரின் எதிரில் வேண்டுமென்றே புலால் உண்பதும் உயர்ந்த செயல் ஆகாது.

விரதம் என்பது தன் நாவுக்குத் தானே இடும் கட்டளை. தன் தட்டு அதன் எல்லைக்குள் அடங்கும். பக்கத்து இருக்கை அடங்காது. இவ்வெல்லையை உணர்ந்தவனிடம் விரதம் தவமாகிறது. உணராதவனிடம் அதுவே அகந்தையாகிறது.

தாராவி காட்டிய ஒற்றுமை

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் நிகழ்ந்த கலவரங்களில் ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். பல மாநிலத்தவரும் பல சமயத்தவரும் நெருக்கியடித்து வாழும் தாராவியும் அத்தீயில் வெந்தது. அதன்பின் அங்கு அமைதிக் குழுக்களில் உழைத்தவர்களுள் பாவ் கோர்டே, வக்கார் கான் என்னும் நண்பர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். ஒருவர் இந்து, மற்றவர் முஸ்லிம். நான்கு சமயங்களின் உடையணிந்த சிறுவர்களை ஒன்றாக நிறுத்திப் படமெடுத்து, அனைவரும் ஒன்றே என்னும் வாசகத்துடன் வக்கார் கான் வெளியிட்ட சுவரொட்டி மும்பையில் பரவலாக அறியப்பட்டது. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர்களான அஞ்சலி மொந்தெய்ரோ, கே.பி. ஜெயசங்கர் இருவரும் 2003-இல் அவ்விரு நண்பர்களைப் பற்றி ‘நாத்தா’ என்னும் ஆவணப்படத்தை உருவாக்கினர். நாத்தா என்றால் உறவு.

அந்தச் சுவரொட்டியைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். ஒற்றுமையைக் காட்டுவதற்காக அச்சிறுவர்களுக்கு ஒரே சீருடை அணிவிக்கப்படவில்லை. நான்கு வேறு உடைகள், நான்கு வேறு அடையாளங்கள். தோளோடு தோள் ஒட்டிய ஒரே வரிசை. கலவரத்தின் சாம்பலில் நின்ற எளிய மக்களுக்குத் தோன்றிய உண்மை இது. வேற்றுமையை மறைத்ததால் அங்கு அமைதி வரவில்லை. வேறுபட்டவரை நெருங்கிச் சென்று பழகியதால் வந்தது. ஒரு கல்லூரியின் ஆசிரியர்கள் அவ்வெளிய மக்களிடம் சென்று கற்று, அதனைத் தம் மாணவருக்கும் நாட்டுக்கும் காட்டினர் என்பதும் கருதத்தக்கது.

மூன்று வட்டங்கள்

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு தெளிவான அளவுகோலைப் பெறலாம். சமய வாழ்வை மூன்று வட்டங்களாகக் கொள்க.

முதல் வட்டம், தன் உடலிலும் உள்ளத்திலும் காக்கும் நெறி: திலகம், சிலுவை, தலைப்பாகை, தலைத் துணி, தொப்பி, பூணூல், நோன்பு. இவை பிறருக்கு இடையூறு செய்வதில்லை. இங்கே மதிப்பே விதியாக இருத்தல் வேண்டும்.

இரண்டாம் வட்டம், பொதுப்பணியோடு மோதக்கூடிய நெறி. முகம் முழுவதும் மறைந்தால் தேர்வுக்கூடத்தில் மாணவரை அடையாளம் காண்பது எப்படி? ஆய்வுக்கூடத்தில் நெருப்பின் அருகே தளர்ந்த ஆடை பாதுகாப்பானதா? இங்கே தேவைக்கேற்ற வரையறை நியாயமானது. ஆனால் அது எல்லாச் சமயத்தவருக்கும் ஒரே அளவில் பொருந்த வேண்டும். காரணம் வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும்.

மூன்றாம் வட்டம், பிறர்மீது திணித்தல். வகுப்பறையைப் பிரசார மேடையாக்குவது, ஒருவரின் வழிபாட்டை ஏளனம் செய்வது, ஒரு நிறத் துண்டுக்கு எதிராக மற்றொரு நிறத் துண்டை உயர்த்தி முழங்குவது ஆகியவை இதில் அடங்கும். இங்கே எச்சமயத்தவருக்கும் சலுகை கூடாது. அரசு உதவிபெறும் கல்விக்கூடத்தில் எவரையும் அவர் ஒப்புதலின்றிச் சமயப் போதனையில் பங்கேற்கச் செய்யக் கூடாது என்று அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவும் கூறுகிறது. பக்தியினால் அணிந்த திலகம் முதல் வட்டத்தைச் சேர்ந்தது. மற்றொருவரைச் சினமூட்ட அணிந்த அதே திலகம் மூன்றாம் வட்டத்துக்குச் சென்றுவிடுகிறது. பொருள் ஒன்றே, நோக்கம் அதனை மாற்றிவிடுகிறது.

செம்பூர் வழக்கில் பிறந்த இடைக்கால ஆணையும் ஏறத்தாழ இப்பிரிவுகளையே பின்பற்றியிருப்பதைக் காணலாம். எனினும் நீதிமன்றம் வாயிற்கதவைத்தான் திறக்க இயலும். உள்ளே நுழைந்தவரைப் பார்த்துப் புன்னகை செய்து, அருகில் அமர இடம் கொடுப்பது சக மாணவரின் கையில் உள்ளது. அதற்கு ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை. அதனைக் கற்பிக்கும் கடமை பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஆன்மிக அமைப்புகளுக்குமே உரியது. தன் நெறியில் உறுதியாக நின்று பிறர் நெறிக்கும் தலைவணங்கும் ஓர் இளைஞர் ஒவ்வொரு வகுப்பிலும் இருந்தால், அக்கல்விக்கூடம் அமைதியின் இருப்பிடமாகும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. வேற்றுமையை மறைப்பதால் வரும் அமைதிக்கும், மதிப்பதால் வரும் அமைதிக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. அன்றாடம் காக்கும் விரதங்களுள் எவை தன்னை நெறிப்படுத்துகின்றன? எவை அறியாமலே பிறரை ஒதுக்குகின்றன?

3. கல்லூரி விடுதியில் சைவ உணவினரும் அசைவ உணவினரும் மனம் நோகாது உடனமர்ந்து உண்ண என்னென்ன ஏற்பாடுகள் செய்யலாம்?

4. வேற்றுச் சமயத்தைச் சேர்ந்த ஒரு சக மாணவர் அல்லது அண்டை வீட்டாரின் வழிபாட்டைப் பற்றி, அவர் வாயிலாகவே கேட்டு அறிந்தது யாது? இதுவரை இல்லையெனில், இம்மாதத்தில் யாரிடம் கேட்கலாம்?